கணக்கில் வராத துட்டு

திருநெல்வேலி மேலப்பாளையத்தில் செவ்வாய்தோறும் கூடும் சந்தைக்குப் போன மாதம் சித்தப்பாவுடன் போயிருந்தேன். அவருக்கு ஒரு கறவை மாடு வேண்டியிருந்தது. எனக்கு அன்று அலுவலகத்தில் பெரிய வேலை இல்லை. ஆடுகள் நிற்கும் பகுதியின் இரைச்சலைக் கடந்து மாட்டுப் பக்கம் போனால் பேச்சு பாதியாகக் குறைந்துவிடும். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விரிப்பார். அதற்குள் இருவருடைய கைகளும் போகும். விரல்களைப் பிடித்தும் விட்டும் விலை பேசிக்கொள்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு முகங்கள் மட்டுமே தெரியும். அந்த முகங்களைப் பார்த்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு மாடு என்ன விலைக்குப் போனது என்பது அடுத்த மாட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டால் பேரம் கெட்டுவிடும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

சித்தப்பாவின் கை துண்டுக்குள் ஐந்து நிமிடம் இருந்தது. வெளியே வந்ததும் நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து, அச்சாரமாக, விற்பவரின் உள்ளங்கையில் வைத்தார். மீதியைக் கைப்பேசியில் அனுப்பிவிடுவது என்று பேச்சு. சித்தப்பாவுக்காக நான்தான் அனுப்பினேன். பணம் போய்ச் சேர்ந்த மறுநொடி விற்பவரின் சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், அக்கம்பக்கத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "முப்பத்தெட்டாயிரம் ரூபாய் பெறப்பட்டது" என்று அறிவித்தது. தரகர் துண்டை ஓர் உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பெறகு துண்டு எதுக்கு வே?" என்றார்.

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. கணக்கெழுதுவது என் தொழில். பாளையங்கோட்டையில் ஒரு வரி ஆலோசகரிடம் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சிறுகடைக்காரர்களின் பற்றுவரவை ஒழுங்குபடுத்திக் கொடுத்துவருகிறேன். சீட்டு இல்லாத செலவையும் பெயர் இல்லாத வரவையும் கண்டால் முகம் சுளிக்கப் பழகியவன் நான். ஆனாலும் எங்கள் பக்கத்து வாழ்க்கையில் எழுதப்படக் கூடாது என்பதற்காகவே எழுதப்படாமல் விடப்பட்ட பணம் என்று ஒன்று உண்டு. அது வரிக்கு ஒளித்த பணம் அன்று. அந்த வகைப் பணக்காரர்களுக்கு என்னைவிடக் கெட்டிக்காரக் கணக்கர்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது மாட்டின் விலை, தாயின் சேமிப்பு, கைமாற்று, ஊருக்குக் கிளம்பும் பிள்ளையின் கையில் திணிக்கும் ஐம்பது ரூபாய் போன்றவற்றை. ரொக்கம் கைவிட்டுப் போகும்போது முதலில் அடிவாங்குவது இந்தப் பணம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கே பணத்தைத் துட்டு என்போம். 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக்காரர்களின் சிறு செப்புக் காசான 'டொய்ட்' என்பதிலிருந்து வந்த சொல் அது என்பார்கள். எங்கிருந்து வந்ததோ, கையில் இருப்பதுதான் துட்டு. வங்கிக் கணக்கில் கிடப்பதை யாரும் துட்டு என்று சொல்லி நான் கேட்டதில்லை. அது 'பணம் போட்டிருக்கு', 'பணம் விழுந்திருக்கு' என்ற அளவில் நின்றுவிடும்.

ரொக்கம் ஒழிந்துவருகிறது என்று பொதுவாகச் சொல்லப்படுவதைக் கணக்குப் பார்ப்பவனாக நான் அப்படியே ஏற்க மாட்டேன். 2016 ஏப்ரலில் இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் அறிமுகப்படுத்திய யு.பி.ஐ. முறையில் 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிமாற்றங்கள் நடந்தன. இரண்டே ஆண்டுகளில், 2025 ஆகஸ்டில், அது 2,000 கோடியைத் தாண்டியது. ஆனால் 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு அறிவிக்கப்பட்டபோது நாட்டில் புழங்கிய தாள்களின் மதிப்பு ஏறத்தாழ 18 லட்சம் கோடி ரூபாய். 2024 மார்ச்சில் அது ஏறத்தாழ 35 லட்சம் கோடி. இரண்டும் சேர்ந்தே வளர்ந்திருக்கின்றன. தேநீருக்கும் காய்கறிக்கும் பேருந்துக்கும் கொடுக்கும் தாள் குறைந்திருக்கிறது. பீரோவுக்குள் இருக்கும் தாள் கூடியிருக்கிறது. ஓடும் பணம் கைப்பேசிக்குப் போய்விட்டது, உறங்கும் பணம் வீட்டிலேயே இருக்கிறது. அந்த உறங்கும் பணத்திலும் இரண்டு வகை உண்டு. பெரிய வகையைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. சிறிய வகைக்குத் தென்பாண்டிப் பெண்கள் வைத்த பெயர் சிறுவாடு.

என் அம்மா முக்கூடல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, வாழ்க்கைப்பட்டு, நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றியவர். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும், கால்மாட்டில் நூல்கண்டு என்று திண்ணையில் உட்கார்ந்தால் அடுப்புக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் மட்டும்தான் எழுந்திருப்பார். வாரக் கூலி வாங்கி வரும் நாளில் அப்பாவிடம் கொடுக்கும் தொகைக்கும் கடையில் வாங்கிய தொகைக்கும் எப்போதும் ஒரு சிறு வித்தியாசம் இருக்கும். அப்பா கெட்டவர் அல்லர். கையில் இருப்பதைக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து சிரிக்கிற ஆள். அந்தச் சிரிப்பைச் சமாளிப்பதற்கான நிதிதான் அம்மாவின் சிறுவாடு. எங்கள் பள்ளிக் கட்டணம், அக்காவின் கம்மல், சித்தியின் பிரசவச் செலவு எல்லாம் எங்கிருந்து வந்தன என்று அப்பா கேட்டதில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும் என்றே இப்போது நினைக்கிறேன். தெரிந்தும் கேட்காமல் இருப்பது அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி.

2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று பிரதமர் அறிவித்த நான்காம் நாள் அம்மா தனியாகப் பேருந்து ஏறிப் பாளையங்கோட்டைக்கு வந்தார். என் மனைவி காபி போட உள்ளே போகும்வரை காத்திருந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, எட்டாக மடித்த தாள்களை என் கையில் வைத்தார். இருபத்து மூன்று ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். புகையிலைத் தூள் வாசம் அடித்தது. மடிப்புகளில் தாள் நைந்து, மூன்று தாள்களை விரல் வைத்து விரிக்கவே பயமாக இருந்தது.

"அப்பாவுக்குத் தெரியாண்டாம் எய்யா" என்றார். நாற்பது ஆண்டுகளில் யாரிடமும் காட்டாத பணத்தை மகனிடம் காட்ட வேண்டி வந்ததில் அவருக்கு இருந்த கூச்சத்தை நான் அன்று சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. வரிசையில் நின்று என் கணக்கில் கட்டினேன். வங்கிப் புத்தகத்தில் ஒற்றை வரி: ரொக்க வரவு 11,500. அம்மாவின் எத்தனை வருடங்கள் அந்த ஒரு வரிக்குள் இருந்தன என்பதை எந்தத் தணிக்கையாளரும் கண்டுபிடிக்க முடியாது. சில வாரங்கள் கழித்து, வங்கியில் கிடைத்தபடி, ஐந்து புதிய இரண்டாயிரம் ரூபாய்த் தாள்களும் மீதிக்கு நூறுகளுமாகத் திருப்பிக் கொடுத்தேன். ரோஸ் நிறத் தாள்களை அவர் நெடுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத எந்தக் கடையில மாத்த?" என்றார். அந்தப் பணம் எதற்காகச் சேர்த்தது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, பழைய முறையே நல்லது என்று முடித்துவிட என்னால் முடியாது. கூலி வழங்கல் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம் கூலியை வங்கிக் கணக்கில் செலுத்த வழிசெய்தது. எங்கள் பக்கத்துப் பீடிக்கடைகளும் படிப்படியாகக் கணக்குக்கு மாறின. முன்பெல்லாம் எத்தனை பீடி கழிக்கப்பட்டது, குறைவாகக் கொடுத்த இலைக்கு யார் கணக்கு, எந்த வாரத்துக் கூலி நின்றது என்பதற்கெல்லாம் கடைக்காரரின் நோட்டுதான் சாட்சி. அந்த நோட்டு அவர் கையில் இருக்கும். இப்போது வங்கிப் புத்தகம் இவர்கள் கையில் இருக்கிறது. சித்தியின் வருங்கால வைப்பு நிதியில் ஒரு தகராறு வந்தபோது, இரண்டரை ஆண்டுகளின் வரவு வரிகளுக்கு அடிக்கோடிட்டுக் கொடுத்து நான்தான் அதை முடித்துவைத்தேன். எழுதப்பட்ட பணத்தின் பலம் என்ன என்பதை அன்று பார்த்தேன். எழுதாமல் விட்டதால் லாபமடைந்தவர் அதுவரை முதலாளியாகத்தான் இருந்திருக்கிறார்.

ஆனால் அதே சித்தியின் வீட்டில் கூலி விழுந்த குறுஞ்செய்தி அவருக்கு வருவதில்லை, மகனுடைய கைப்பேசிக்கு வருகிறது. கணக்குத் திறந்தபோது கொடுத்த எண் அது. அம்மா வாங்கி வந்து, வித்தியாசம் பிடித்து, மீதியைக் கொடுத்த காலத்தில் வீட்டிலேயே முதலில் தெரிந்துகொள்பவர் அம்மா. இன்று கடைசியில் தெரிந்துகொள்பவர் சித்தி. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய், பெண்ணின் கணக்கிலேயே விழுகிறது. நல்ல திட்டம், சந்தேகமில்லை. அந்த ஆயிரம் விழும் நாள் வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். அட்டையின் இரகசிய எண் பேரனுக்கும் தெரியும். கணக்கு அவர் பெயரில் இருக்கிறது. சிறுவாடு மட்டும் இல்லை.

கைப்பேசி இல்லாதவர்களுக்கு ரேகை வைத்துப் பணம் எடுக்கும் கருவியோடு ஊருக்கு ஆள் வருகிறார். அம்மா பெருவிரலை வைத்தார், கருவி ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். ஆள்காட்டி விரலை வைத்தார். அடுத்த கையை வைத்தார். வந்தவர் பொறுமைசாலிதான், தேங்காயெண்ணெய் தடவிப் பார்க்கச் சொன்னார். அம்மா தன் விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "ரேகையெல்லாம் பீடி இலையோட போயிட்டு" என்றார். உழைத்துத் தேய்ந்த விரலுக்கு உழைத்த பணத்தை எடுக்க வழியில்லை என்று யாராவது கதையில் எழுதியிருந்தால் மிகை என்று நானே சொல்லியிருப்பேன்.

சில்லறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மீதி மூன்று ரூபாய்க்குப் பதிலாக மிட்டாய் வாங்கிய காலம் போனதில் எனக்கு வருத்தமே கிடையாது. பயணச்சீட்டின் பின்புறம் நடத்துநர் எழுதித் தந்த மீதியை வாங்காமலே இறங்கி வண்ணாரப்பேட்டையில் பேருந்தின் பின்னால் ஓடிய அனுபவம் எனக்கு உண்டு.

எங்கள் அலுவலகத்துக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் கதை வேறு. எண்ணெய்ச் சட்டியை விட்டுக் கையெடுக்க முடியாதவர். பணம் வந்ததாகப் போலிப் படத்தைக் காட்டிவிட்டுப் போனவர்களிடம் இரண்டு முறை ஏமாந்தபின், பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டி வாங்கி வைத்தார். சென்ற ஆண்டு ஒரு நாள் காலையில் அவருடைய வங்கிக் கணக்கு முடங்கியது. விசாரித்ததில், வேறு மாநிலத்தில் யாரோ கொடுத்த இணைய மோசடிப் புகாரில் தொடர்புள்ள ஒரு கணக்கிலிருந்து இவருக்கு நூற்றெண்பது ரூபாய் வந்திருக்கிறது. யாரோ வழிப்போக்கர்கள் வடையும் டீயும் சாப்பிட்டுவிட்டுப் போன பணம். அந்த நூற்றெண்பதை மட்டும் நிறுத்தி வைத்திருக்கலாம். கணக்கு முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். பால்காரருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. கடிதம் எழுதிக் கொடுத்தேன், மின்னஞ்சல் அனுப்பினேன், கிளைக்கு நாலைந்து முறை அவரோடு நடந்தேன். கணக்கு மீண்டும் திறக்க நாற்பது நாள் ஆயிற்று. அதுவரை க்யூ.ஆர். அட்டையைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். கள்ள நோட்டு ஒன்று வந்துவிட்டால் அந்த ஒரு நோட்டுத்தான் நட்டம். கல்லாவையே யாரும் பூட்டிக்கொண்டு போனதில்லை.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் யு.பி.ஐ. வரவுகளை வைத்துச் சிறு வணிகர்களுக்கு ஜி.எஸ்.டி. அறிவிக்கை அனுப்பப்பட்டு, பெங்களூரில் கடைகள் 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டிய செய்தி வந்த வாரத்தில், எங்களிடம் வரும் கடைக்காரர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் என்ற வரம்பைச் சொல்லி, அதற்குள் இருந்தால் பயப்பட வேண்டாம் என்றேன். தம்பி அனுப்பிய கைமாற்றும் மச்சினன் திருப்பித் தந்த கடனும் அதே க்யூ.ஆர். வழியாக வந்தால் அவற்றை விற்பனையிலிருந்து எப்படிப் பிரித்துக் காட்டுவது என்று அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி. கைமாற்றுக்குச் சீட்டு ஏது? சீட்டு கேட்டால் அது கைமாற்றே இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே தாமிரபரணி வந்தது. எங்கள் தெருவில் மின்சாரம் போய், கைப்பேசிக் கோபுரமும் ஓய்ந்தது. வீட்டில் எல்லோருடைய சட்டைப் பையையும் கைப்பையையும் தட்டிப் பார்த்ததில் தேறியது முந்நூற்று நாற்பது ரூபாய். கணக்கில் சம்பளம் அப்படியே இருந்தது. பால், மெழுகுவர்த்தி, அரிசி எதையும் அந்தச் சம்பளத்தால் வாங்க முடியவில்லை. ஏ.டி.எம். இருட்டில் கிடந்தது.

தெருமுனைக் கடை அண்ணாச்சி இடுப்பளவு அலமாரிக்கு மேல் இருந்த சரக்கைத் தெரிந்தவர்களுக்குக் கடனாகக் கொடுத்தார். பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றைத் தேடி எடுத்தார். கைப்பேசியில் வாங்கத் தொடங்கிய பிறகு அந்த நோட்டுக்கு வேலையே இல்லாமல் போயிருந்தது. என் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்து, எனக்குப் பின்னால் நின்ற இளைஞனைப் பார்த்தார். அவன் அந்தத் தெருவுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நாள்தோறும் அதே கடையில் க்யூ.ஆர். காட்டி வாங்கியவன், அண்ணாச்சிக்கு அவன் பெயர் தெரியவில்லை. மீதிச் சில்லறைக்காகக் கொஞ்ச நேரம் நிற்பதும், 'பெறகு தாரேன்' என்று சொல்லிப் போவதும், அதை மறுநாள் ஞாபகப்படுத்துவதுமாக ஏற்படும் பழக்கம் அவனுக்கு வாய்க்கவே இல்லை. நான் சாட்சி சொன்ன பிறகு ஒரு கிலோ அரிசி கிடைத்தது. அவன் என்னிடம் நன்றி சொன்னபோது எனக்கும் அவன் பெயர் தெரியாது என்பதை நான் சொல்லவில்லை.

பிறகு அரசு வெள்ள நிவாரணம் அறிவித்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களுக்குக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய். ரேஷன் கடைகளில், வரிசையில் நிறுத்தி, தாளாகவே கையில் கொடுத்தார்கள். வரிசை நீளம், நெரிசல் என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகத்தான் பட்டது. ஐரோப்பாவில் முதன்முதலாக 1661இல் வங்கித் தாள் வெளியிட்ட நாடு ஸ்வீடன். ரொக்கத்தைக் கைவிடுவதிலும் முன்னணியில் நிற்பது அதுவே. அந்த நாடே 2019இல் பெரிய வங்கிகள் ரொக்கச் சேவையைக் கைவிடக் கூடாது என்று சட்டம் இயற்றியது. 2024இல் வீடுவீடாக அனுப்பிய நெருக்கடிக் கையேட்டில், ஒரு வாரத்துக்கான ரொக்கத்தைப் பல மதிப்புத் தாள்களாக வீட்டில் வைத்திருங்கள் என்று அறிவுறுத்தியது. முக்கூடல் பக்கத்துப் பெண்கள் யாரும் கையேடு படித்து இதைத் தெரிந்துகொண்டவர்கள் அல்லர்.

எல்லாவற்றையும் ஒளிப்பது எங்கள் வழக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மொய் எழுதப்பட வேண்டியது. எழுதாவிட்டால் சண்டை வரும். மாப்பிள்ளைக்குச் சுருளாகப் பணம் வைப்பதைச் சபையறியச் செய்வார்கள். அம்மன் கொடைக்குத் தலைக்கட்டு வரி கொடுத்தவர் பெயரும் கொடுக்காதவர் பெயரும் ஒலிபெருக்கியில் வரும். கணியான் கூத்தில் மகுடம் அடிப்பவரின் சட்டையில் தாளைக் குத்துபவர் நாலு பேர் பார்க்கத்தான் குத்துகிறார். இங்கெல்லாம் க்யூ.ஆர். வந்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மொய்ப் பந்தியில் கூட்டல் பிழை குறைந்திருக்கிறது. எந்தப் பணத்தை ஊரறியச் சொல்வது, எதைத் துண்டுக்குள் வைப்பது என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்திருந்தார்கள். கைப்பேசிக்கு அந்தப் பிரிவினை தெரியாது. மாட்டு விலையையும் மருந்துக் கடைச் செலவையும் மனைவியின் தம்பிக்குக் கொடுத்ததையும் ஒரே குரலில் சொல்லி, ஒரே பட்டியலில் தேதிவாரியாக அடுக்கிவைக்கிறது. எனக்குச் சம்பளம் தருவது அந்தப் பட்டியல்தான் என்பதால் அதைப் பழிக்க எனக்கு வாயும் இல்லை.

அப்பா 2019இல் காலமானார். சிறுவாட்டை ஒளிக்க இனி யாரும் இல்லை என்று நான் நினைத்திருந்தேன். 2023 மே மாதம் இரண்டாயிரம் ரூபாய்த் தாள் திரும்பப் பெறப்படுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்த மறு வாரம், அம்மா பாளையங்கோட்டைக்கு வந்தார். முந்தானை முடிச்சில் இரண்டு ரோஸ் தாள்கள், எட்டாக மடித்து. ஐந்தில் மூன்று எங்கோ போயிருந்தன. இந்த முறை என் மனைவி உள்ளே போகும்வரை அவர் காத்திருக்கவில்லை. மாற்றிக் கொடுத்தேன்.

போன தீபாவளிக்கு வந்தபோது ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் பதினாறு கொண்டுவந்திருந்தார். கணக்கில் விழும் முதியோர் உதவித்தொகையை மாதாமாதம் யாரையாவது கூட்டிப்போய் எடுத்து, செலவு போக மிச்சம் வைத்தது. மேசைமேல் வரிசையாகப் பரப்பிவிட்டுக் கேட்டார்.

"எய்யா, இது எத்தன நாளைக்குச் செல்லும்?"

"செல்லும்மா. ஒண்ணும் ஆகாது."

"அன்னைக்கும் அப்படித்தான் இருந்துச்சு. எல்லாத்தயும் நூறா மாத்திக் குடு. நூற அவுக ஒண்ணும் பண்ணல."

மறுநாள் வங்கியில் எண்பது நூறு ரூபாய்த் தாள்கள் கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளம்பெண் எனக்கு முன்பே அறிமுகமானவர். கைப்பேசியிலேயே எல்லாம் முடிக்கும் ஆளுக்கு எதற்கு இவ்வளவு நூறு என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வீட்டில் விசேஷம் என்று சொன்னேன்.